போட்டோ காக்காவைப் பாடசாலைக்கு ஏன் அழைத்தோம்?



கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் வாசித்துவிட்டுத் திட்டுபவர்கள் திட்டலாம். பாதியில் நிறுத்திவிட்டுக் கொமென்ட் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

கடந்த வாரம் எங்கள் பாடசாலை மாணவர் மன்றக் கூட்டத்துக்கு நம்மூர்ப் புகைப்படக்காரர் ஒருவரை அழைத்திருந்தோம். அன்று இரவே ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு செய்தி வந்தது. "டொக்டர்மாரும் இஞ்சினியர்மாரும் ஊருக்குள்ள இத்தன பேர் இரிக்கக்குள்ள, படம் பிடிக்கிற ஆளக் கூப்பிட்டுப் புள்ளைகளுக்கு என்னத்தப் படிச்சுக் குடுக்கப் போறீங்க?" அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். "இப்படிக் கூத்து நடத்துறதாலதான் ரிசல்ட் குறையுது" என்று இன்னொருவர். மார்க்கத்தை இழுத்து மூன்றாமவர் ஒருவர்.

குழுமத்தில் நாங்கள் பதில் எழுதவில்லை. அங்கே எழுதினால் விடியும்போது நூறு குரல் பதிவுகளுக்கு அடியில் புதைந்துபோகும். மன்றத்துக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் மூவரும் கலந்து பேசித்தான் இதை இங்கே எழுதுகிறோம்.

அவரை நாம் எல்லோரும் "போட்டோ காக்கா" என்றுதான் கூப்பிடுகிறோம். கடைத்தெருவில் ஒற்றை அறை, ஒரு கதிரை, சுவரில் ஒரு துணி. முப்பத்தைந்து வருடமாக அதே இடம். இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேருடைய முதல் அடையாள அட்டைப் படம் அந்தக் கதிரையில் எடுத்ததுதான். அவருடைய சொந்தப் பெயரை யோசிக்காமல் சொல்லக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்? பெயரை எழுதலாமா என்று கேட்டோம். "வேணாம் சேர், எனக்காகச் சண்டை புடிக்கிற மாதிரி ஆகிடும்" என்றார். அதனால் எழுதவில்லை.

அன்று அவர் என்ன பேசினார் என்பதை முதலில் சொல்கிறோம். கட்டைவிரல் போட்டவர்களில் ஒருவரும் அந்த மண்டபத்தில் இருக்கவில்லை.

பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள். "சேர், ஒரே அறைக்குள்ள ஒரே கதிரையில வெச்சு இத்தன வருஷமா படம் எடுக்கிறீங்க. அலுப்பு வரல்லயா? புதுசா எடுக்கிறதுக்கு யோசனை எங்க இருந்து வருது?"

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. அந்தக் கடைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். இப்படியொரு கேள்வி எங்களுக்குத் தோன்றியதே இல்லை. "எப்ப கிடைக்கும்? எவ்வளவு?" இந்த இரண்டும்தான் நாங்கள் கேட்டவை.

அவர் சொன்னார்: "கதிர ஒண்டுதான் மகள். அதுல வந்து இருக்கிற ஆள் வேற வேறதானே. ஆளப் பாக்காம கெமராவப் பாத்தா அலுப்பு வரும்."

பிறகு தொழிலை விளக்கினார். ஒருவர் வந்து உட்கார்ந்தவுடன் அவர் கெமராவைத் தொடுவதில்லை. பேச்சுக் கொடுப்பார். கடலுக்குப் போகிறவரென்றால் மீன்பாட்டைக் கேட்பார், விவசாயியென்றால் வேளாண்மையைக் கேட்பார். கெமராவைக் கண்டதும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்களாம், தோள் மேலே போய்விடுமாம். அந்த மூச்சை விட்டு, தோள் இறங்கி, அடுத்த மூச்சு எடுக்கிற நேரத்தில்தான் அந்த ஆளுடைய முகம் வரும் என்றார். சிறு பிள்ளைகளை எடுக்கும்போது தரையில் உட்கார்ந்துவிடுவார், கெமரா பிள்ளையின் கண் உயரத்துக்கு வரவேண்டும் என்பதற்காக. கண் ஒப்பரேஷன் செய்த வயதானவர்களுக்குப் பிளாஷ் அடிக்கமாட்டார். கதிரையை வாசல் பக்கம் திருப்பி, வெளியிலிருந்து வருகிற வெளிச்சத்தில் எடுப்பார்.

"ஒண்டுமே தோணாத நாள் வருமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். "நிறைய வரும். அண்டைக்குப் பழைய நெகட்டிவ் பெட்டியத் துறந்து வெளிச்சத்துக்குப் புடிச்சுப் பாப்பன். முன்ன செஞ்ச பிழைகள் தெரியும். அடுத்த ஆள் வந்தா அந்தப் பிழையச் செய்யக்கூடாதெண்டு ஒரு எண்ணம் வரும். அதுதான் எனக்கு யோசனை."

உறவுகளே, இதில் எது கூத்து? ஒரு வேலையைத் திருத்தித் திருத்திச் செய்வது எப்படி, எதிரே இருக்கிற மனிதரைக் கவனிப்பது எப்படி என்று நாற்பது நிமிடத்தில் அவர் சொல்லிக்கொடுத்தார். நாளைக்கு டொக்டராகப் போகிற பிள்ளைக்கும் அது வேண்டும். நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே மருந்துத் துண்டு எழுதுகிற டொக்டரிடம் போய்வந்து நாம் எவ்வளவு குறைப்படுகிறோம்!

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம்.

நம்மூர்க் கலியாண அல்பங்களைப் பத்து வருடத்துக்குப் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை கையில் மணிக்கூட்டைக் கட்டுகிற அதே படம். பெண் கதவருகில் குனிந்து நிற்கிற அதே படம். தேயிலைத் தோட்டத்துக்கு வேன் பிடித்துப் போய், புகைக்குண்டு கொளுத்தி எடுத்த அதே படம். முகங்களை மாற்றி ஒட்டினால் யாருடைய கலியாணம் என்று தெரியாது. இளம் புகைப்படக்காரர்களைக் கேட்டோம். "நாங்க என்ன செய்ற சேர்? அவங்களே போன்ல நாப்பது படத்தக் கொண்டுவந்து, இதே மாதிரி எடுங்க எண்டு சொல்றாங்க" என்கிறார்கள். யோசனையைக் கடையில் வாங்குகிற பொருளாக்கியவர்கள் நாம். பிறகு "நம்மட பொடியன்மாருக்குக் கற்பனை இல்ல" என்று சொல்கிறவர்களும் நாமேதான்.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாலி நாட்டின் தலைநகர் பமாக்கோவில் சைது கெயிட்டா என்றொருவர் இருந்தார். தச்சு வேலை பழகியவர். செனகலுக்குப் போய்வந்த உறவினர் ஒருவர் கொடுத்த சின்னக் கெமராவில்தான் படமெடுக்கத் தொடங்கினார். 1948இல் தன் வீட்டிலேயே ஸ்டூடியோ போட்டார். வீட்டு முற்றம், பகல் வெளிச்சம், பின்னால் தொங்க ஒரு துணி. முதலில் தொங்கவிட்டது அவருடைய கட்டில் விரிப்பைத்தான். சில வருடங்களுக்கு ஒருமுறை துணியை மாற்றுவார். பின்னாளில் எந்தப் படம் எந்தக் காலத்தில் எடுத்தது என்று அந்தத் துணியை வைத்தே சொன்னார். பிலிமுக்குச் செலவாகும் என்பதால் பெரும்பாலும் ஆளுக்கு ஒரே தடவைதான் அழுத்துவார். அந்த ஒரு தடவைக்காக ஆளை உட்கார வைப்பது, முகத்தைத் திருப்புவது, கையை எங்கே வைப்பது என்று அவ்வளவு பார்ப்பார். வந்தவர்கள் அவ்வூர்ச் சாதாரண மனிதர்கள். தங்கள் வீட்டுக்குப் படம் வேண்டுமென்று காசு கொடுத்து எடுத்தவர்கள்.

1991இல் நியூயோர்க்கில் ஒரு கண்காட்சியில் அந்தப் படங்கள் சிலவற்றை வைத்தபோது, எடுத்தவர் பெயர் தெரியாது என்றுதான் குறித்திருந்தார்கள். பிறகு தேடிக் கண்டுபிடித்தார்கள். 1994இல் பரிஸில் அவருக்கென்று தனிக் கண்காட்சி நடந்தது. இன்று உருவப்படக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் போவதில்லை. அவரை உயர்த்தியது முற்றமும் துணியும் தன்னூர் முகங்களும். புகைக்குண்டு இல்லை, ட்ரோன் இல்லை.

அடுத்தது இன்னும் கசப்பானது. போட்டோ காக்காவிடம் ஒரு நாளைக்கு அதிகம் கேட்கப்படுவது என்ன தெரியுமா? "கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க." கலியாணம் பேசுவதற்குக் கொடுக்கிற பெண்பிள்ளையின் படத்தில் மச்சத்தை எடுக்கவேண்டும், மூக்கைச் சின்னதாக்கவேண்டும், நிறத்தைக் கூட்டவேண்டும். மாப்பிள்ளைப் பொடியன்மாருக்கும் இப்போது அதே கதைதான். அல்லாஹ் தந்த முகத்தைக் கொண்டுபோய் "இதைத் திருத்தித் தாங்க" என்று காசும் கொடுக்கிறோம். பிறகு அந்தப் பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் முகத்தை வெறுத்தால், "இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு என்னமோ ஆகிட்டு" என்கிறோம்.

இதில் ஆசிரியர்கள் நாங்களும் குற்றவாளிகள். சில வருடங்களுக்கு முன் பாடசாலை மலருக்கு மாணவத் தலைவர்களின் படங்கள் வந்தபோது, "எல்லாரையும் ஒரே நிறத்துக்குக் கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியது நாங்களே. அவர் செய்து தந்தார். இன்று அந்த மலரை எடுத்துப் பார்த்தால், எங்களிடம் படித்த பிள்ளைகளை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. இதை எழுதாமல் விட்டால் பதிவு பொய்யாகிவிடும் என்பதால் எழுதுகிறோம்.

இந்த இடத்தில் அவர் அன்று மண்டபத்தில் சொன்ன ஒன்றைச் சொல்லவேண்டும்.

2004 டிசம்பர் 26. நம் கரையோரத்தில் சுனாமி எடுத்தது உயிர்களையும் வீடுகளையும் மட்டுமல்ல, அல்பங்களையும்தான். மௌத்தானவர்களின் ஒரு படம்கூட மிஞ்சாத வீடுகள் எத்தனை! காக்காவின் நெகட்டிவ் பெட்டிகள் மேல்மாடியில் இருந்ததால் தப்பின. கொஞ்ச நாளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "எங்கட மகன்ட படம் ஏதும் உங்களிட்ட இரிக்கா?"

ஒரு உம்மா வந்தாராம். மகனுக்குத் தனிப்படம் எடுத்ததே இல்லை. மூன்றாம் ஆண்டு வகுப்புப் படம் ஒன்றில் இருந்தான், நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு மிளகளவு முகம். காக்கா அதைப் பெருப்பித்துக் கொடுத்தார். தெளிவில்லை, புள்ளி புள்ளியாக இருந்தது. அந்த உம்மா கொஞ்ச நேரம் தடுமாறினார். பிறகு புருவத்துக்கு மேலே ஒரு கீறலில் விரலை வைத்தார். சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. "இவன்தான். இவன்தான் என்ட புள்ள" என்று சொல்லிப் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. காக்கா தொடர்ந்தார். "அண்டைக்கு அந்த வகுப்புப் படத்த நான் இந்தக் காலத்து மாதிரித் துடைச்சு அழகாக்கியிருந்தா, அந்த உம்மாக்கு நான் என்னத்தக் குடுத்திருப்பன்?"

நாம் அழிக்கச் சொல்லிக் காசு கொடுக்கிற மச்சமும் தழும்பும் கறுப்பும்தான், ஒருநாள் நம்மைத் தேடி வருகிறவர்கள் விரல் வைக்கப்போகிற இடம். சுனாமிப் படங்களுக்கு அவர் யாரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை. எத்தனை படம் என்று கேட்டோம். "எண்ணல்ல சேர்" என்றார். கடவுச்சீட்டுப் படத்துக்கு அவரிடம் ஐம்பது ரூபா குறைத்துக் கேட்கிற நாம், கலியாணத்துக்குக் கொழும்பிலிருந்து வருகிற குழுவுக்கு இலட்சக்கணக்கில் முற்பணம் கட்டுகிறோம்.

"இப்ப எல்லார்ட கையிலயும் போன் இரிக்கிதானே, ஸ்டூடியோ என்னத்துக்கு?" என்று கேட்கிறீர்கள். சரி, உங்கள் போனைத் திறந்து பாருங்கள். சாப்பாட்டுப் படம், பற்றுச்சீட்டுப் படம், பெருநாள் வாழ்த்துப் படம் என்று ஆயிரக்கணக்கில் இருக்கும். உங்கள் உம்மா தனியாக, நல்ல வெளிச்சத்தில், உங்களைப் பார்த்தபடி இருக்கிற படம் ஒன்று இருக்கிறதா? இருந்தால் அதை அச்சடித்திருக்கிறீர்களா? 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் சகோதரர்கள் அல்பத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். நாம் போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு நிற்கிறோம். அவர்களை விரட்டினார்கள். நமக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை.

மார்க்கத்தை இழுத்த சகோதரருக்கு ஒரு வார்த்தை. படமெடுப்பது பற்றிய தீர்ப்பு உலமாக்களின் துறை. அதில் நாங்கள் வாய் வைக்கமாட்டோம். பேணுதலுக்காகப் படத்தைத் தவிர்க்கிறவர்களை உளமார மதிக்கிறோம். அன்றைய கூட்டத்திலும் விரும்பாத பிள்ளைகளை யாரும் படமெடுக்கவில்லை. எங்கள் கேள்வி வேறு. தன் மகளுடைய கலியாணத்தில் ட்ரோன் பறக்கவிட்டவர், கெமரா பிடிக்கிறவரின் தொழிலை மட்டும் கேவலமாகப் பேசுவது எந்தக் கிதாபில் இருக்கிறது?

ரிசல்ட்டைப் பற்றிக் கேட்டவருக்கும் ஒரு வார்த்தை. சித்திர பாட நேரத்தைக் கணிதத்துக்கு எடுத்துக்கொடுக்கும் வேலையைப் பல வருடமாக நாங்கள் செய்துதான் வருகிறோம். சித்திர ஆசிரியர் வாய் திறக்காமல் ஓய்வறையில் இருப்பார். அதனால் கணிதப் பெறுபேறு உயர்ந்ததா? உயரவில்லை. பிள்ளைகள் ஒன்றை நின்று பார்க்கிற பழக்கத்தை இழந்ததுதான் மிச்சம். கேத்திர கணித உருவை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாத பிள்ளை அதை எப்படி நிறுவும்?

கடைசியாக ஒரு விஷயம்.

கூட்டம் முடிந்து பிள்ளைகள் கலைந்தபோது, ஒரு மாணவன் தன் வாப்பாவின் போனோடு காக்காவிடம் வந்தான். மூத்தம்மா பன்பாய் இழைக்கிற படம். யன்னலோரம், பக்கவாட்டு வெளிச்சம், கையில் பன் கீறின கோடுகள். அவனாக எடுத்தது. காக்கா போனை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். "நல்லா எடுத்திரிக்கீங்க மகன்" என்றார். பிறகு, "மூத்தம்மாட பேர் என்ன?" என்று கேட்டார்.

பையன் விழித்தான். "மூத்தம்மா எண்டுதான் கூப்பிடுறது சேர்."

நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக்கூடாது.

ஜூலியா மார்கரெட் கமரன் என்று ஓர் ஆங்கிலப் பெண்மணி. கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், தன் 48ஆவது வயதில், மகள் கொடுத்த கெமராவோடு படமெடுக்கத் தொடங்கியவர். கோழிக்கூட்டை ஸ்டூடியோவாகவும் கரி வைக்கும் அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டவர். படங்கள் தெளிவில்லை என்று அந்தக் காலத்து விமர்சகர்கள் ஏளனம் செய்தார்கள். அவர் கேட்கவில்லை. டார்வினையும் கவிஞர் டெனிசனையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து களுத்துறையில் குடியிருந்தார். 1879இல் மலையகத்தில் இறந்தார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

களுத்துறையிலும் அவர் நம் நாட்டவர்களைப் படமெடுத்தார். எஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். அதில் ஒன்றின் தலைப்பு, களுத்துறைக் குடியானவர்கள் குழு என்பது. அவ்வளவுதான். இங்கிலாந்தில் அவருக்கு முகம் காட்டிய வீட்டுப் பணிப்பெண்ணின் பெயர் மேரி ஹில்லியர் என்று இன்று உலகத்துக்குத் தெரியும். களுத்துறையில் நின்றவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவ்வளவு ஊன்றிப் பார்த்த கண்ணும் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டது. வெள்ளைக்காரர் ஆண்ட காலம், அவர்கள் கேட்கவில்லை என்று நாம் குறை சொல்லலாம். நம் வீட்டு மூத்தம்மாவின் பெயரை நாம் கேட்காததற்கு யாரைக் குறை சொல்வது?

அதனால் உறவுகளே, எங்கள் கோரிக்கைகள் இவைதான்.

இந்த மாதத்துக்குள் உங்கள் வீட்டுப் பெரியவர்களை, அவர்கள் விரும்பினால் மட்டும், நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். அச்சடியுங்கள். பின்பக்கம் பெயரும் ஊரும் ஆண்டும் பென்சிலால் எழுதுங்கள்.

பிள்ளைகளின் முகத்தை வெள்ளையாக்கித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். இனி எங்கள் மலரிலும் பிள்ளைகள் அவரவர் நிறத்தில்தான் வருவார்கள். அதிபரிடமும் பேசிவிட்டோம்.

நம்மூரில் தொழில் செய்கிறவரிடம் பேரம் பேசி வெல்வது வெற்றி இல்லை. அவர் கடையை மூடினால் அந்த நெகட்டிவ் பெட்டிகளும் குப்பைக்குப் போகும். இந்த வருடக் கடைசியில் மூடுகிற யோசனையில்தான் அவர் இருக்கிறார். இது நம்மில் பலருக்குத் தெரியாது.

உங்கள் பிள்ளை சித்திரம் எடுக்கப்போகிறேன், கெமரா பழகப்போகிறேன் என்று சொன்னால், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைச் சொல்லி அதன் வாயை மூடாதீர்கள். என்ன எடுத்தாய் என்று ஒருதரம் வாங்கிப் பாருங்கள்.

மூத்தம்மாவைப் படமெடுத்த அந்த மாணவன் மறுநாள் காலை வகுப்புக்கு முன்பே ஓய்வறை வாசலில் நின்றான். கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினான். மூத்தம்மாவின் முழுப்பெயர், பிறந்த ஊர், எத்தனை வயதில் பாய் இழைக்கப் பழகினார், யாரிடம் பழகினார் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். "பேர் கேட்டன் சேர். ராவு பத்து மணி வரைக்கும் கதை சொன்னாங்க."

"என்னத்தப் படிச்சுக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்ட சகோதரருக்கு இதைவிட எங்களிடம் வேறு பதில் இல்லை. அடுத்த மன்றக் கூட்டத்துக்கு அவரையும் அன்போடு அழைக்கிறோம். முன்வரிசையில் ஒரு கதிரை போட்டு வைத்திருப்போம்.

வஸ்ஸலாம்.